தோலை உரித்தால் தெரிந்துவிடும்

இங்கிலாந்தின் கிழக்குப் பக்கம், தெட்ஃபோர்டு காட்டுக்குக் கிட்டத்தில் ஒரு வேட்டை இறைச்சிக் கூடத்தில் ஏழு வருஷமாக வேலை பார்க்கிறேன். சுட்டுக் குடல் எடுத்து வேட்டைக்காரர்கள் கொண்டுவரும் மான்களைத் தோலுரித்து, வெட்டிப் பிரிக்கிற வேலை. நான் ஒரு மானைக்கூடச் சுட்டதில்லை. ஆனால் எந்தக் குண்டு உள்ளே போய் என்ன செய்தது என்பதைச் சுட்டவரைவிட நான்தான் கிட்ட இருந்து பார்க்கிறேன்.

எங்களிடம் அதிகம் வருவது மன்ட்ஜாக் என்ற சின்ன மான். நம் கேளையாட்டின் சீனத்துச் சொந்தம். நூறு வருஷத்துக்கும் முன்னால் பெட்ஃபோர்டுஷயரின் வோபர்ன் பூங்காவுக்குக் கொண்டுவந்தார்கள், அங்கிருந்து வெளியேறி நாடெங்கும் பரவிவிட்டது. நல்ல கிடாவே 18 கிலோவுக்கு மேல் போகாது, தோள் உயரம் அரை மீட்டர்தான். வருஷம் முழுக்கக் குட்டி போடும், அதனால் இங்கே அதைச் சுடத் தடைக்காலம் கிடையாது. காட்டின் இளந்தளிரை மேய்ந்தே தீர்த்துவிடும் என்பதால் எண்ணிக்கையைக் குறைக்கச் சுடுகிறார்கள். போடி மலையடிவாரத்தில் கேளையாடு குரைப்பதைக் கேட்டு வளர்ந்தவன் நான், அங்கே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வேட்டையாடுவது குற்றம். முதல் மாதம் கொக்கியில் தொங்குவதைப் பார்க்க மனசு என்னவோ செய்தது. சாகத்தான் வேண்டும் என்றால் நொடியில் சாகட்டும் என்ற எண்ணம் அப்போது வந்தது, இன்னும் போகவில்லை.

2007ல் இங்கிலாந்தில் சட்டத்தை மாற்றி, மன்ட்ஜாக்குக்கும் சீன நீர்மானுக்கும் மட்டும் சிறிய ரைபிளை அனுமதித்தார்கள். குழலின் உள்விட்டம் குறைந்தது .220 அங்குலம், குண்டு குழல்வாயை விட்டுக் கிளம்பும்போது ஆற்றல் குறைந்தது 1000 ஃபுட்-பவுண்ட், குண்டு 50 கிரெயினுக்கு (சுமார் 3.2 கிராம்) குறையாமல், பட்டதும் விரிகிற மெல்மூக்காகவோ குழிமூக்காகவோ இருக்க வேண்டும். .22 ஹார்னெட் என்ற சின்னத் தோட்டா ஆற்றல் போதாமல் இதில் தேறாது. .223 ரைபிளில் 55 கிரெயின் குண்டு நொடிக்கு 3200 அடி வேகத்தில் கிளம்பினால் 1250 ஃபுட்-பவுண்ட் வரும், தாராளம். சரி, சட்டப்படி இருக்கிறதே, போதாதா என்று பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். சட்டம் எடையைப் பார்க்கிறது, மூக்கைப் பார்க்கிறது. குண்டு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்ப்பதில்லை. நரிக்கும் முயலுக்கும் செய்த, ஈயத்தின் மேல் செம்பு உறை மெலிசான, பட்டவுடனே தூளாகிற 55 கிரெயின் குண்டும் இந்தக் கணக்கில் தேறிவிடும்.

அப்படி ஒன்று போன குளிர்காலத்தில் வந்தது. .22-250 ரைபிள், நரிக்கு வைத்திருந்த தோட்டா, அறுபது கெஜம்கூட இல்லாத தூரம். குண்டு தோள் எலும்பில் பட்டிருக்கிறது. மான் விழுந்து எழுந்து புதருக்குள் ஓடிவிட்டது, நாயை விட்டுத் தேடிக் கண்டுபிடித்து இரண்டாவது குண்டு போட இரண்டு மணி நேரம் ஆனதாம். நான் தோலை உரித்தபோது முன்சப்பை முழுக்கக் கருஞ்சிவப்புக் கூழ், எலும்பு நொறுங்கிச் சில்லுச் சில்லாகக் கிடந்தது. அதற்கு நேர் கீழே இருந்த விலாவில் ஒரு கீறல்கூட இல்லை. நுரையீரல் வரை எதுவும் போகவே இல்லை. கூழுக்குள் விரல் விட்டால் மிட்டாய்த் தாள் மாதிரி செம்பு உறைத் துண்டுகள் நெருடின. ஈயத் துகள் எவ்வளவு தூரம் சிதறியிருக்கும் என்று கண்ணுக்குத் தெரியாது, அதனால் முன்பாதியை அப்படியே கழித்துக் கட்டினோம். அந்த இரண்டு மணி நேரத்தை நினைத்தால் இப்போதும் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

இதே குண்டு தோளுக்குப் பின்னால், விலா இடுக்கில் போனால் மான் நின்ற இடத்திலேயே சரியும், அது உண்மைதான், அதை நம்பித்தான் பலர் விடமாட்டேன் என்கிறார்கள். ஆனால் மன்ட்ஜாக் ஓர் இடத்தில் நிற்கிற ஜாதி இல்லை. புதரிலிருந்து எட்டிப் பார்க்கும், அரை அடி நகரும், திரும்பும். நீங்கள் விரலை அழுத்துவதற்குள் விலா இருந்த இடத்தில் தோள் வந்திருக்கும். தோள் எலும்பைத் தாண்டியும் உள்ளே போகிற குண்டுதான் இந்தச் சின்ன மானுக்கு வேண்டும். மானுக்கென்றே செய்த, உறை கொஞ்சம் தடித்த 55 கிரெயின் மெல்மூக்குக் குண்டு அதைச் செய்துவிடுகிறது.

முழுச் செம்புக் குண்டு இன்னும் நன்றாக ஊடுருவும், உடையாது, ஈயமும் இல்லை. ஆனால் செம்பு ஈயத்தைவிட லேசு, அதே எடைக்குக் குண்டு நீளமாகிவிடும். நீளமான குண்டு நிலையாகப் பறக்க வேண்டும் என்றால் குழலுக்குள் ஓடும் புரி நெருக்கமாக இருக்க வேண்டும். பழைய .223 சிலவற்றில் பன்னிரண்டு அங்குலத்துக்கு ஒரு சுற்றுதான். ஒரு பெரியவர் அப்படி ஒரு ரைபிளில் கனமான செம்புக் குண்டைப் போட்டுப் பார்த்துவிட்டு, இலக்குத் தாளை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். வட்ட ஓட்டை ஒன்றுகூட இல்லை, எல்லாம் பூட்டின் சாவித்துவாரம் மாதிரி நீள நீளமாக. குண்டு பக்கவாட்டில் புரண்டு போய்ப் பட்டிருக்கிறது. நல்லவேளை, தாளோடு போயிற்று. அப்புறம் அவர் 50 கிரெயினுக்கு மாறி, தாளில் வட்டம் வட்டமாக விழுகிற வரைக்கும் காட்டுக்குப் போகவில்லை.

போன வாரம் அவர் கொண்டுவந்த பெட்டையை உரித்தேன், பன்னிரண்டு கிலோ இருக்கும். ஒரு பக்கம் பட்டாணி அளவு ஓட்டை, மறுபக்கம் கட்டைவிரல் நுழைகிற அளவு. எலும்பையும் தாண்டித்தான் போயிருந்தது. இரண்டு சப்பையிலும் ஓட்டையைச் சுற்றி உள்ளங்கை அளவு கன்றிய கறியை மட்டும் அரிந்து எடுத்தேன். எத்தனை அடி ஓடியது என்று கேட்டேன். ஓடவில்லை என்றார்.