ஊதுவத்தில மாட்டுன இன்ஜின் லைட்டு

மூணு வாரமா என் காரு டேஷ்போர்டுல அந்த மஞ்ச கலர் இன்ஜின் பொம்மை எரிஞ்சிட்டே இருந்துச்சு. வண்டில ஒரு குறையும் தெரியல, பிக்கப் அப்படியே இருக்கு, பொகை இல்ல, சத்தம் இல்ல, தண்டையார்பேட்டைல இருந்து மணலி வரைக்கும் கன்டெய்னர் லாரிங்க நடுவுல தினம் போயிட்டு வரேன், ஒரு தடவ கூட திணறல. சிக்னல்ல நிக்கும்போது மட்டும் ஐட்லிங் லேசா ஏறி இறங்கும், அதுவும் ஏசி ஆஃப்ல இருந்தா தான் தெரியும், நான் கண்டுக்கவே இல்ல. (லைட்டு விட்டு விட்டு மின்னுச்சுன்னா கதையே வேற, அது மிஸ்ஃபயர், அதாவது உள்ள பெட்ரோல் சரியா பத்தல, உடனே ஓரங்கட்டிடுங்க, பொகைய சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வெந்துடும். எனக்கு நின்னு எரிஞ்சுது, அந்த தைரியம்.)

ஒரு சர்வீஸ் சென்டர்ல ஸ்கேனர் மாட்டிட்டு, பி0171னு எரர் கோடு வருது சார், ஆக்சிஜன் சென்சார் போயிடுச்சு, ஏழாயிரம் ஆகும்னாங்க. வீட்ல கேட்டு சொல்றேன்னு எஸ்கேப் ஆயிட்டேன்.

அப்புறம் ஆன்லைன்ல வண்டி கம்ப்யூட்டர்ல இருக்கற எரர போன்ல காட்டற இஎல்எம்327 ப்ளூடூத் டப்பா ஒண்ணு வாங்கி ஸ்டீயரிங்குக்கு கீழ இருக்கற 16 பின் சாக்கெட்ல சொருகுனேன். சொருகுன உடனே பண்ண முட்டாள்தனம், எரரை அழிச்சது. லைட்டு அணைஞ்சிடுச்சு, நானே பெரிய மெக்கானிக்னு நெனச்சு அன்னைக்கு நிம்மதியா தூங்குனேன், ரெண்டு நாள் கழிச்சு டோல்கேட்டாண்ட திரும்ப எரியுது. இந்த மாதிரி கோளாறு அடுத்தடுத்து ரெண்டு ஓட்டத்துல தெரிஞ்சா தான் கம்ப்யூட்டர் லைட்டே போடுமாம். எரரை அழிச்சா ஃப்ரீஸ் ஃப்ரேமும், அதாவது கோளாறு வந்த நேரத்துல வண்டி எந்த நிலைமைல இருந்துச்சுங்கற பதிவும், சேர்ந்து போயிடும்.

ரெண்டாவது தடவ அத பார்த்தேன். வேகம் 0, ஆர்பிஎம் 780, இன்ஜின் நல்ல சூடு. நிக்கும்போது தான் மாட்டிருக்கு. பி0171னா காத்து ஜாஸ்தி, பெட்ரோல் கம்மி, அவ்ளோ தான், சென்சார் போச்சுன்னு அதுல எங்கயும் இல்ல, ஒழுங்கா வேலை செய்யறவன போய் மாத்துன்னா என்ன நியாயம்? ஃப்யூல் ட்ரிம், அதாவது கம்ப்யூட்டர் எத்தன சதவீதம் பெட்ரோல கூட்டி கொறச்சு சரிகட்டுதுங்கற கணக்கு, பார்த்தா ஐட்லிங்ல பிளஸ் 21, ரேஸ் குடுத்து 2500ல புடிச்சா பிளஸ் 5க்கு இறங்குது. பெட்ரோல் பம்ப்போ ஃபில்டரோ வீக்கா இருந்தா ரேஸ்ல தான் இன்னும் மோசமாகணும். இது தலைகீழ். உள்ள போற காத்த அளக்கற ஏர்ஃப்ளோ சென்சார தாண்டி எங்கயோ ஓட்டை வழியா வித்தவுட்ல காத்து ஏறுது, கொருக்குப்பேட்டைல டிக்கெட் இல்லாம ட்ரெயின் ஏர்ற மாதிரி. ஐட்லிங்ல மொத்த காத்தே கொஞ்சம், இழுவை ஜாஸ்தி, அதனால அங்க பெருசா தெரியுது.

பானட்ட தொறந்து அரை மணி நேரம் பார்த்தேன், எல்லா ஓஸும் நல்லா தான் இருந்துச்சு. வியாசர்பாடில நமக்கு தெரிஞ்ச பாய் கிட்ட போனேன். "இன்னா தம்பி போன்ல கணக்கு போட்னு கீற"ன்னு சிரிச்சிட்டு, முதல்ல மோந்து பார்த்து பெட்ரோல் ஒழுகலன்னு உறுதி பண்ணிக்கினாரு, அப்புறம் வண்டி ஓடும்போதே ஒரு ஊதுவத்திய கொளுத்தி ஓஸ் ஓஸா காட்டினு வந்தாரு. பொகை நேரா மேல போயிட்டே இருந்துச்சு. இன்ஜினுக்குள்ள சேர்ற ஆவிய திரும்ப இழுத்துக்கற பிசிவி ஓஸ் வளையற எடத்துல, அடிப்பக்கம், சடார்னு மடங்கி உள்ள போச்சு. பாய் அங்க விரல வெச்சு அழுத்துனாரு, ஐட்லிங் அப்படியே சமமாயிடுச்சு.

கழட்டி பார்த்தா நகம் அளவுக்கு வெடிப்பு, சூட்டுல ரப்பர் காஞ்சு போய், வளைச்சா வாய தொறக்குது, நேரா புடிச்சா ஒண்ணுமே தெரியல. ஓஸும் கிளிப்பும் 340 ரூவா, பாய் கூலி 200. ட்ரிம் இப்போ பிளஸ் 3ல நிக்குது.

கெளம்பும்போது பாய் கேட்டாரு, "அந்த டப்பா எங்க வாங்கன தம்பி, எனக்கும் ஒண்ணு ஆர்டர் போடேன்."