மூன்றாண்டுக் கட்டு

பதிவறைக்கு மாற்றல் வந்துவிட்டது என்றால் எங்கள் வருவாய்த்துறையில் துக்கம் விசாரிக்கிற மாதிரி விசாரிப்பார்கள். மின்விசிறி சுற்றாது, கறையான் உண்டு, மனுதாரர் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார். எனக்கு அது பிடித்துப்போனது. பழைய வடஆற்காட்டுத் தாலுகா ஒன்றில் பதினோரு வருஷம் அந்தச் சிவப்புத்துணிக் கட்டுகளோடு இருந்தேன்.

எங்கள் வேலையின் சாரம் ஒரு கோப்பு எத்தனை காலம் உயிரோடு இருக்கலாம் என்பதுதான். ஓ.மு. என்றால் ஓராண்டு முடிவு. மூ.மு. மூன்றாண்டு, ப.மு. பத்தாண்டு, நி.மு. நிரந்தரம். முன்பிருந்தவர்கள் எல்.டிஸ்., கே.டிஸ்., டி.டிஸ்., ஆர்.டிஸ். என்பார்கள். கெடு முடிந்த கட்டுகளைப் பட்டியல் போட்டு அழிக்க வேண்டும். எது எந்த வகை என்று தெரிந்துகொள்ள எனக்குச் சொல்லித் தந்தவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்: "நிலம்னா நிரந்தரம்ப்பா. ஆளுன்னா மூணு வருஷம்."

ஒரு ஜமாபந்தி, அதாவது வருஷாந்திரக் கிராமக் கணக்குத் தணிக்கை, முடிந்த வாரம். தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து ஓர் அக்காவும் தம்பியும் வந்திருந்தார்கள். அந்த அம்மாவுக்கு அறுபதுக்கு மேல் இருக்கும், ஓய்வுபெற்ற நர்ஸ். தமிழில் நாலைந்து சொல்தான் வரும். அதில் ஒன்று "சாமி". கையில் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் கப்பல் பட்டியலின் நகல். அவர்களுடைய கொள்ளுத்தாத்தா 1890களின் கடைசியில் சென்னையில் கப்பலேறி, டர்பன் இருக்கிற நேட்டாலுக்குப் போனவர். கரும்புத் தோட்டக் கூலி. அவர் பிறந்த ஊரைப் பார்க்க வேண்டும் என்று ஒரு மனு எழுதிக் கொண்டுவந்திருந்தார்கள். தாசில்தார் படித்துப் பார்த்துவிட்டு என்னிடம் தள்ளிவிட்டார். வேறு யாரிடம் தள்ள முடியும்?

1860 அக்டோபரில் 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து கிளம்பி நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்தது. அதில் தொடங்கி 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 1,52,184 பேர். இந்தத் துல்லியம் எப்படி வந்தது என்றால், ஒவ்வொரு தலைக்கும் ஓர் எண் போட்டிருக்கிறார்கள். எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம் என்று வரிசையாகக் கட்டங்கள். அந்த எண் கடைசிவரை ஆளை விடாது. கல்யாணம் பதிந்தாலும் பிள்ளை பிறந்தாலும் செத்தாலும் பெயருக்குப் பக்கத்தில் அதுவும் இருக்கும்.

இவர்களுடைய பெரியவரின் வரியில் ஜில்லா வடஆற்காடு, தாலுகா எங்களுடையது, கிராமம் "புதூர்".

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வடஆற்காட்டில் புதூருக்கா பஞ்சம்? எங்கள் கிராமப் பட்டியலையும் குக்கிராமப் பட்டியலையும் வைத்து எண்ணினேன். ஏழு. அதில் இரண்டு பிரிந்த தாலுகாவுக்குப் போய்விட்டன. போதாததற்கு அந்தக் காலத்து வடஆற்காட்டுக்குத் தலைநகரம் சித்தூர். 1911இல்தான் சித்தூர் தனி ஜில்லா ஆனது. எல்லை ஓரத்துப் புதூர் என்றால் இன்றைக்கு ஆந்திராவிலும் இருக்கலாம்.

பெயரும் உதவவில்லை. துறைமுக டிப்போவில் எழுதிய குமாஸ்தாவின் காதில் விழுந்ததுதான் பெயர். முனுசாமி மூன்சாமி ஆவார். அங்கே போனபின் முதலியார் மூட்லி ஆகி, படையாச்சி படையாச்சீ என்று நீண்டு, அதுவே குடும்பப் பெயராக ஒட்டிக்கொள்ளும். ஆனால் உடல் அடையாளக் கட்டத்தைப் பாருங்கள்: வலது புருவத்துக்கு மேல் தழும்பு, இடது முழங்காலில் இன்னொன்று. ஊரை அரைகுறையாக எழுதியவர் தழும்பை அளந்து எழுதியிருக்கிறார். ஆள் ஓடிப்போனால் பிடிக்க ஊர்ப்பெயர் எதற்கு?

சரி, நம் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம் என ஏழு புதூருக்கும் பழைய செட்டில்மெண்ட் பதிவேடுகளை, அதாவது நிலவரி நிர்ணயப் பதிவேடுகளை, இறக்கினேன். இரண்டு நாள் தும்மல். புல எண், பரப்பு, தீர்வை, பட்டாதார் பெயர் எல்லாம் மணிமணியாக இருக்கிறது. கிணறு இருக்கிறது, புளியமரம் இருக்கிறது. படியாள் இல்லை. அந்த நிலத்தில் ஏர் ஓட்டியவன், ஏற்றம் இறைத்தவன் யாருமே இல்லை. குடிசை நத்தத்தில், அதாவது ஊர்க் குடியிருப்பு நிலத்தில், இருக்கும். நத்தத்துக்கு ஆள்வாரியாகப் பட்டா வந்தது எங்கள் காலத்தில்தான். கிராமக் கணக்கு எழுதிய பரம்பரைக் கர்ணங்களிடம் வேறு ஏதாவது சுவடி இருந்திருக்கலாம். 1980 நவம்பரில் அந்தப் பதவிகள் ஒழிந்தபோது பாதி பரணிலேயே தங்கிவிட்டது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த மனிதர் பிறந்து வளர்ந்து இருபத்திரண்டு வயதுவரை இந்தத் தாலுகாவில் மாடாக உழைத்தும் ஒரு காகிதத்தில் இல்லை. ஊரை விட்டுப் போன நாளில்தான் முதன்முதலாக எழுதப்பட்டார். அதுவும் சரக்காக.

அந்த அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் விழித்தேன். அவரோ உறையிலிருந்து இன்னொரு தாளை எடுத்தார். நேட்டாலில் கூலிகளின் குறை கேட்க இருந்த பாதுகாவலர் அலுவலகத்தில் பெரியவர் கொடுத்த புகாரின் நகல். அரிசி குறைத்து அளக்கிறார்கள், கேட்டதற்கு சர்தார், அதாவது தோட்டத்து மேஸ்திரி, அடித்தான் என்கிறார். கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி.

மாதம் பத்து ஷில்லிங் சம்பளத்தில் தொடங்கி, வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் ஏறும். ஐந்து வருஷம் முடிந்தும் ஊர் திரும்பாமல், மறு ஒப்பந்தமும் போடாமல் அங்கே இருந்தால் ஆண்டுக்கு மூன்று பவுன் தலைவரி. 1895இல் போட்ட சட்டம். முதல் வருஷச் சம்பளம் மொத்தமே ஆறு பவுன் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 1903க்குப் பிறகு பதினாறு வயதுப் பையனுக்கும் பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கும் தனித்தனியாகக் கட்ட வேண்டும். 1913 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு, 1914இல்தான் வரி ஒழிந்தது. பெரியவர் இரண்டு தடவை மறு ஒப்பந்தம் போட்டிருக்கிறார். "அவருக்குக் கரும்பின்மேல் ஆசையா என்ன?" என்றார் தம்பி.

ஏழில் நான்கு புதூர்களைக் கழித்துவிட்டேன். அவை பின்னால் உண்டான குடியிருப்புகள். மிச்சம் மூன்றில் ஒன்றுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே கூட்டிப் போனேன். வேப்பமரத்தடியில் ஒரு பெரியவர். விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "எந்தத் தெரு ஆளுங்க இவங்க?"

எனக்குப் புரிந்தது. அவர்களுக்குப் புரியவில்லை. பட்டியலில் சாதிக் கட்டம் இருந்தது; அதை நான் படித்திருந்தேன், அந்த அம்மாவும் படித்திருக்கிறார். ஆனால் டர்பனில் நூறு வருஷத்துக்கு மேல் அவர்களுக்கு வெறும் எழுத்தாக இருந்த ஒன்று, இங்கே எந்தப் பக்கம் திரும்புவது என்பதைத் தீர்மானிக்கிறது. நான் பதில் சொல்லாமல் கையை மட்டும் காட்டினேன். "ஓ, காலனியா. அப்படிப் போங்க" என்றார் பெரியவர், குரலில் ஒரு சுருதி இறங்கி.

காலனியில் ஒரு பாட்டி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கப்பலுக்குப் போனவர்கள் கதை தெரியுமா என்றேன். "யார் போனாங்க யார் செத்தாங்கன்னு எவன் எழுதி வச்சான்? பஞ்சத்துல போனது, ஆள்புடிக்கிறவன் கூட்டினு போனது, எல்லாம் போனதுதான்" என்றார். அப்புறம் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "சாப்ட்டியாம்மா?" என்றார். அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் மொழிபெயர்த்தேன். மற்ற இரண்டு புதூருக்கும் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இதுதான் அந்த ஊர் என்று நம்பியா, போதும் என்று தோன்றியா, நான் கேட்கவில்லை.

மனுவுக்குப் பதில் போட வேண்டுமே. "பதிவுகள் பரிசீலிக்கப்பட்டதில் விவரம் ஏதும் காணப்படவில்லை" என்று எழுதினேன். அப்படித்தான் எழுத முடியும். பொது மனு, தகவல் கோரியது, சந்தேகமில்லாமல் மூ.மு. மூன்று வருஷத்தில் அதையும் நானோ எனக்கு அடுத்து வருபவரோ பட்டியல் போட்டு அழித்துவிடுவோம். கப்பல் பட்டியல் நகல், பெருக்கல் குறி போட்ட புகார் எல்லாவற்றையும் சேர்த்து.

நான் மேலே நி.மு. என்று போட்டு வைத்தேன்.

தாசில்தார் பேனாவை எடுத்தவர் நிமிர்ந்து பார்த்தார். "இது எப்படிப்பா நிரந்தரத்துல வரும்?"

"நத்தம் சம்பந்தப்பட்டதுங்க அய்யா" என்றேன்.

ஜமாபந்திக் களைப்பு. கையெழுத்துப் போட்டுவிட்டார்.