அம்மா விட்டுப்போன நேர்ச்சை

ஏழு வருடமாகக் கிடந்த நேர்ச்சை. நேர்ந்தது அம்மா, கடன் என் தலையில். போன ஞாயிற்றுக்கிழமைதான் கன்னியாகுமரி மாவட்டத்துச் சாமித்தோப்பில் இருக்கிற அய்யா வைகுண்டர் பதிக்குப் போய்த் தீர்த்துவிட்டு வந்தேன். அய்யா உண்டு.

என்ன நேர்ச்சை என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. மார்த்தாண்டம் பக்கம் எங்கள் ரப்பர் விளைக்கும் தம்பி விளைக்கும் நடுவில் எல்லைச் சுவராக ஒரு கையாலை, அதன் ஓரத்தில் ஒரு அயினி மரம், காட்டுப் பலா வகை. அப்பா காலத்து மரம், இரண்டு ஆள் சேர்ந்து பிடித்தால்தான் கை எட்டும். ஒரு மழையில் கையாலை இடிந்தது. தம்பி அதைத் திரும்பக் கட்டினான். முக்கால் அடி என் பக்கம் தள்ளிக் கட்டியிருக்கிறாய் என்றேன் நான், இல்லை என்றான் அவன். முக்கால் அடி மண் என்ன பெரிது, அதோடு மரமும் அந்தப் பக்கம் போய்விடும், அதுதான் சங்கதி. ஒரு நாள் காலை, ரப்பர் பால்வெட்டு முடிகிற நேரம், வாய் முற்றி நான் மண்வெட்டியைத் தூக்கிவிட்டேன். அம்மா குறுக்கே வந்து விழுந்தாள். தூக்கிய கை அப்படியே நின்றது. அன்று ராத்திரி முற்றத்தில் நின்று அம்மா சொன்னது எனக்குக் கேட்டது: “அய்யா, எம் பிள்ளைகள் ரெண்டும் கை நீட்டாம இருந்தா உன் வாசல்ல ஒரு நேரம் அன்னதர்மம் குடுக்கேன்.”

அதன் பிறகு நாங்கள் கை நீட்டவில்லை. பேசவும் இல்லை. கோர்ட்டில் கேஸ் நடக்கிறது. அம்மா போய் இரண்டு வருடம் ஆகிறது. “உங்கம்மைக்க நேர்ச்சை என்னாச்சு மக்கா?” என்று சித்தி ஒரு கல்யாண வீட்டில் கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது.

அரிசி, பருப்பு, காய்கறி எல்லாம் ஏற்றிக்கொண்டு விடியும் முன்னே கிளம்பினோம். வண்டி ஓட்டியது மச்சினன். தக்கலை தாண்டும்போது ஆரம்பித்தான். “அத்தான், அன்னைக்கு நீங்க ஒண்ணு வச்சிருந்தா கேஸே கிடையாது. மகாவீரர், அய்யா, காந்தி எல்லாம் சரிதான், கும்பிடலாம். இந்தக் காலத்துல அடங்கிப்போனா தலையில ஏறி மிதிப்பான். ஃபோனைத் திறந்தா வெட்டும் குத்தும்தான் வருது. அகிம்சை யாருக்கு வேணும்?” எனக்குப் பதில் வரவில்லை. அவன் சொன்னதில் பாதியை அந்த ஏழு வருடமும் நானே மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தவன்.

நாகர்கோவிலில் நாகராஜா கோயிலில் இறங்கினோம். அந்த மண்டபத் தூண்களில் பார்சுவநாதரும் மகாவீரரும் இருப்பதைச் சின்ன வயதிலேயே அப்பா காட்டித் தந்திருக்கிறார். பார்சுவநாதர் தலைக்கு மேல் பாம்பு படம் விரித்து நிற்கும். ஒரு உயிரையும் கொல்லாதே என்று சொன்னவர்களுக்குக் கொத்துகிற உயிரே குடை பிடிக்கிறது. சமணம் இங்கே வலுவாக இருந்த காலம் போய் எத்தனையோ நூற்றாண்டு ஆகிவிட்டது. பின்னால் வந்தவர்கள் தூணை உடைக்கவில்லை. எங்கள் பக்கத்துச் சிதறால் மலையிலும் அப்படித்தான், பாறையில் தீர்த்தங்கரர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்க, பகவதியும் அதே இடத்தில் குடியேறிக்கொண்டாள். அம்மா அங்கே போனால் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் கும்பிடுவாள்.

நாகராஜாவிடம் பிரசாதம் மண்தான், கருவறை ஈர மண். ஆறு மாதம் கறுப்பு, ஆறு மாதம் வெளுப்பு. பூசாரி கையில் வைத்ததும் எனக்கு முகம் சுருங்கிவிட்டது. முக்கால் அடி மண்ணுக்கு மண்வெட்டி தூக்கியவனுக்கு ஒரு சிட்டிகை மண்.

சாமித்தோப்பில் கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். வண்டி நிறுத்த ஒருவன் ஐம்பது ரூபாய் வாங்கினான், சீட்டுக் கேட்டால் முறைக்கிறான். பத்தடி தள்ளி இன்னொருவன் வந்து இங்கே நிறுத்தக்கூடாது என்கிறான். காணிக்கை வேண்டாம், கைக்கூலி வேண்டாம் என்று அய்யா சொன்ன ஊரில் ரோட்டில் நடக்கிற வசூல் இது. மச்சினன் சண்டைக்கு இறங்கப் பார்த்தான், நான்தான் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். முத்திரிக் கிணற்றுத் தண்ணீரைத் தலையில் விட்டுக்கொள்ள, பதமிடுவது என்போம், வரிசையில் நின்றதே முக்கால் மணி நேரம். அந்தத் தண்ணீர் தலையில் விழுந்தபோது, உள்ளதைச் சொல்கிறேன், அழுகை வந்தது. ஏன் என்று கேட்டால் தெரியாது.

சட்டையைக் கழற்றி, துவர்த்துத் துண்டைத் தலையில் கட்டினேன். தலைப்பாகை கட்டும்போதெல்லாம் அம்மா அந்தக் கதையைச் சொல்வாள். திருவிதாங்கூரில் எங்கள் ஆட்கள் தலையில் சுமைதான் இருக்கலாம், பாகை கூடாது. பெண்களுக்குத் தோளில் சீலை கூடாது, அதற்கான அனுமதி 1859-ல்தான் வந்தது. 1809-ல் பிறந்து 1851-ல் வைகுண்டம் போன அய்யா அதற்கு முன்னமே, தலையில் கட்டு, நிமிர்ந்து நில் என்று சொல்லிவிட்டார். ராஜா பிடித்துக்கொண்டு போய்ச் சிங்காரத்தோப்பில் அடைத்தார், புலிக்கூண்டில் விட்டார். புலி தொடவில்லை. அய்யா பின்னால் அத்தனை சனம் நின்றது, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கம்பெடுத்திருக்கும். சொல்லவில்லை. அதற்காக யாரிடமும் குனியச் சொன்னாரா என்றால் அதுவும் இல்லை. அடங்கிப்போவது என்று மச்சினன் சொன்னது இதுவாக இருக்க முடியாது என்று வரிசையில் நிற்கும்போதுதான் தோன்றியது. அவனிடம் சொல்லலாம் என்று திரும்பினால் அவன் இரண்டு குடும்பத்துக்குப் பின்னால் தள்ளப்பட்டுப் போயிருந்தான்.

பள்ளியறை முன்னால் வந்தாயிற்று. பதியின் கருவறை அதுதான், அங்கே சிலை கிடையாது, கண்ணாடிதான். வருடக்கணக்காகக் காத்திருந்த நேரம். கைகூப்பி அய்யாவைப் பார்க்க நிமிர்கிறேன், பின்னால் இருந்தவர் விலாவில் முழங்கையால் ஒரு இடி இடித்தார். காலையும் மிதித்தார். அந்த வேகத்தில் எனக்கு வந்த கோபம் அந்த வாசலில் யாருக்கும் வரக்கூடாத கோபம். பல்லைக் கடித்துக்கொண்டு முன்னால் பார்த்தால், கண்ணாடி.

உள்ளே விளக்குச் சுடர், கண்ணாடி, அதில் ஒரு தலைப்பாகை, அதற்குக் கீழே என் முகம். புருவம் முடிச்சுப் போட்டு, மூக்கு விடைத்து, தாடை இறுகி. நான் என்னை அப்படிப் பார்த்ததே இல்லை. கண்ணாடி முன்னால் யார் கோபமாக நிற்பார்கள்? தலைசீவத்தானே நிற்போம். இந்த முகத்தைத்தான் தம்பி அன்று காலையில் பார்த்திருக்கிறான். மண்வெட்டிக்குக் கீழே இதுதான் அவனுக்குத் தெரிந்திருக்கும். அம்மாவும் விழுந்த இடத்திலிருந்து இதைத்தான் நிமிர்ந்து பார்த்திருப்பாள்.

அய்யா, மன்னித்துவிடு என்றுகூடக் கேட்க முடியவில்லை. நகருங்க நகருங்க என்று தள்ளினார்கள், நகர்ந்தேன். நெற்றியில் திருமண் இட்டார்கள். காலையிலிருந்து இரண்டாவது மண்.

அன்னதர்மம் நல்லபடியாக முடிந்தது. யார், எந்த ஊர், எந்தச் சாதி என்று ஒருவர் கேட்கவில்லை. பந்தியில் பரிமாறும்போது 1982 ஞாபகம் வந்தது, இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் நடந்த மண்டைக்காட்டுக் கலவரத்தின்போது எனக்கு ஒன்பது வயது. பக்கத்து வீட்டு வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள்தான், மூன்று ராத்திரி எங்கள் வீட்டில்தான் படுத்தார்கள். கஞ்சி போதாது என்று அம்மா மரச்சீனிக் கிழங்கு அவித்தாள். சைவ மடாதிபதி குன்றக்குடி அடிகளார் எங்கள் மாவட்டத்துக்கு வந்து இரண்டு பக்கமும் சமாதானம் பேசியதைப் பின்னால் எத்தனையோ முறை சொல்வாள். அகிம்சை என்ற வார்த்தை அம்மா வாயில் நான் கேட்டதில்லை.

இவ்வளவு தூரம் வந்தாயிற்றே, அம்மனையும் பார்த்துவிடலாம் என்றாள் மனைவி. கன்னியாகுமரியில் ரூம் வேண்டுமா, சங்கு வேண்டுமா, முத்துமாலை வேண்டுமா என்று பஸ் ஸ்டாண்டிலிருந்தே ஒட்டிக்கொள்கிறார்கள். அம்மனை அரை நிமிடம்கூட நின்று பார்க்க விடவில்லை. இருந்தாலும் அந்த மூக்குத்தி போதும்.

வெளியே வந்து காந்தி மண்டபத்தில் உட்கார்ந்தோம். 1948 பிப்ரவரி 12-ல் அஸ்தியைக் கடலில் கரைப்பதற்கு முன் வைத்திருந்த இடம், அக்டோபர் 2 அன்று மேலேயிருக்கிற துவாரம் வழியாக வெயில் சரியாக அங்கே விழும். மச்சினனுக்கு ஒரு விஷயம் சொன்னேன். 1925-ல் காந்தி இதே அம்மன் கோயிலுக்கு வந்தபோது, சீமைக்குப் போனவர் என்று சன்னிதிக்குள் விடவில்லை. வெளியே சுற்றிக் கும்பிட்டுவிட்டுப் போனார். அடுத்த வருடமே சுசீந்திரத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்க உரிமை கேட்டுச் சத்தியாகிரகம், 1930-ல் மறுபடியும். 1936 நவம்பர் 12-ல் மகாராஜா கோயில்களைத் திறந்துவிட்டார். 1937 ஜனவரியில் காந்தி திரும்ப வந்து உள்ளே போனார்.

“பன்னெண்டு வருஷம் ஆச்சே அத்தான்.”

“ஆமா. நம்ம கேஸுக்கு ஏழுதான் ஆகுது.”

அவன் சிரித்துவிட்டான். ஒத்துக்கொண்டானா என்றால் இல்லை. வரும் வழியில் ஓவர்டேக் எடுத்த பைக்காரனை அப்பன் பாட்டன் வரைக்கும் திட்டிக்கொண்டுதான் வந்தான்.

வீடு சேர இருட்டிவிட்டது. பதியில் தந்த இனிமம், பிரசாதப் பொட்டலத்தில் இரண்டு வாழைப்பழமும் கொஞ்சம் பொரியும் மிச்சம் இருந்தன. மறுநாள் காலை அதை எடுத்துக்கொண்டு கையாலை ஓரம் போனேன். தம்பி அந்தப் பக்கம் ரப்பர் மரத்தில் சிரட்டை மாற்றிக்கொண்டிருந்தான், கையில் பால்வெட்டுக் கத்தி. என்னைக் கண்டதும் நிமிர்ந்தான். என்ன பேசுவது என்று தெரியாமல் பொட்டலத்தைக் கையாலை மேல், அயினி மரத்தடியில் வைத்தேன். அவன் அதைப் பார்த்தான், என் நெற்றியைப் பார்த்தான். கத்தியைக் கீழே குத்தி வைத்துவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தான்.

“கூட்டம் உண்டா?”

“உண்டு.”