சர்க்கரை நார்மல்தான், மற்றதெல்லாம்?

என் பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற அளவு) 33, அதாவது குண்டு. வெறும் வயிற்றுச் சர்க்கரை எப்போது எடுத்தாலும் 100-க்குள் நிற்கும். "நார்மல், எடையை மட்டும் குறைங்க" என்ற ஒரு வரியோடு ரிப்போர்ட்டை மூடிவிடுவார்கள். பல வருடங்கள் இப்படியே போயின. அப்பாவுக்குச் சர்க்கரை வந்த வயதை நானும் நெருங்கவே, இந்த நார்மலை நம்பி உட்கார்ந்திருக்கலாமா என்று கேட்க ஒரு சர்க்கரை டாக்டரிடம் போனேன். என்னென்ன பார்த்தார்கள், எது உருப்படியாக இருந்தது, எது தேவைப்படவில்லை என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

புது டெஸ்ட் எதையும் டாக்டர் உடனே எழுதவில்லை. "பழைய ரிப்போர்ட் எல்லாம் வெச்சிருக்கீங்களா?" என்றுதான் முதலில் கேட்டார். இருந்தவற்றை மேஜையில் பரப்பி, ஒரு வெள்ளைத்தாளில் கட்டம் போட்டு எண்களை வரிசையாக எழுதினார். சர்க்கரை வரி 92, 95, 93, 94 என்று அசையாமல் கிடந்தது. அதற்குக் கீழே ரத்தத்தில் ஓடும் ஒரு வகைக் கொழுப்பான ட்ரைகிளிசரைடு 132, 158, 171, 198. ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் தனித்தனியாகப் பார்த்தபோது 'சற்று அதிகம்' என்று தோன்றியது, பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் படியேறுவது பளிச்சென்று தெரிந்தது. செலவே இல்லாத பரிசோதனை இது. ஆனால் எனக்கு இதற்கு முன் யாரும் செய்து காட்டியதில்லை.

அப்புறம் டேப்பை எடுத்து இடுப்பைச் சுற்றி அளந்தார், 106 செ.மீ. ரத்த அழுத்தம் 132/84. நல்ல கொழுப்பு எனப்படும் எச்.டி.எல். 37. சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் வழிவிடும் கோளாறுகளின் கூட்டத்துக்கு மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்று பெயர். அது இருக்கிறதென்று சொல்ல ஐந்து விஷயங்களைப் பார்க்கிறார்கள்: இடுப்புச் சுற்றளவு, 150-ஐத் தொடும் ட்ரைகிளிசரைடு, ஆணுக்கு 40-க்கும் பெண்ணுக்கு 50-க்கும் கீழே போகும் எச்.டி.எல்., மேலே 130-ஐயோ கீழே 85-ஐயோ தொடும் ரத்த அழுத்தம், 100-ஐத் தொடும் வெறும் வயிற்றுச் சர்க்கரை. இடுப்புக்கான எல்லை இனத்துக்கு இனம் மாறும். தெற்காசியர்களுக்கு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 செ.மீ. என்று இன்னும் இறுக்கமாக வைத்திருக்கிறார்கள். ஐந்தில் மூன்று இருந்தாலே சிண்ட்ரோம்தான். எனக்கு நான்கு. நான் நம்பிக்கொண்டிருந்த சர்க்கரை ஒன்றுதான் தேறியது.

சர்க்கரை மட்டும் எப்படித் தப்பித்தது? கணையம் இரட்டை வேலை பார்ப்பதால்தான். தசையும் கல்லீரலும் இன்சுலினின் பேச்சைக் கேட்காதபோது, கணையம் இன்னும் கூடுதலாகச் சுரந்து சர்க்கரையை எல்லைக்குள் பிடித்து வைக்கிறது. அது களைத்துப்போன பிறகுதான் சர்க்கரை ஏறும். அதற்குள் கொழுப்புத் திசுக்களிலிருந்து கல்லீரலுக்குக் கொழுப்பு அமிலம் கொட்டிக்கொண்டே இருக்கும். கல்லீரல் அதை ட்ரைகிளிசரைடாகக் கட்டி ரத்தத்தில் அனுப்பும், கூடவே எச்.டி.எல். குறையும். அதனால்தான் இந்த ஜோடி சர்க்கரையை முந்திக்கொண்டு காட்டிக்கொடுக்கிறது. ஜெரால்டு ரீவன் என்ற அமெரிக்க மருத்துவர் 1988-இல் 'சிண்ட்ரோம் எக்ஸ்' என்று பெயர் வைத்து இதைத்தான் பேசினார். வேடிக்கை என்னவென்றால், அவர் பட்டியலில் உடல் பருமனே இல்லை. ஒல்லியானவர்களுக்கும் இது வரும் என்பது அவர் வாதம். குண்டாக இருந்தும் இவை எதுவும் இல்லாதவர்களும் உண்டு. எடை இயந்திரம் சொல்லாததைத் தேடித்தான் ரத்தத்துக்குப் போகிறோம்.

ரத்தம் கொடுக்கும் நாளன்று பத்து மணி நேரப் பட்டினி, தண்ணீர் மட்டும் குடிக்கலாம். முந்தைய நாள் கடுமையான உடற்பயிற்சி வேண்டாம் என்றார்கள். தசை அடிபட்டாலும் கல்லீரல் நொதிகள் ஏறிக் காட்டுமாம். முடிக்கு ஏதாவது மாத்திரை எடுக்கிறீர்களா என்றும் கேட்டார்கள். அதில் இருக்கும் பயோட்டின் என்ற வைட்டமின் சில ஹார்மோன் டெஸ்டுகளைக் குழப்பிவிடும். ரத்தம் எடுத்த தம்பி வரிசையாகக் குழாய்களை மாற்றினார். சாம்பல் மூடி சர்க்கரைக்கு, ஊதா மூடி சராசரிச் சர்க்கரையைச் சொல்லும் எச்பிஏ1சி-க்கு, மஞ்சள் மூடி மற்றவற்றுக்கு. சாம்பல் மூடி எதற்கென்று கேட்டேன். "உள்ள ஃப்ளோரைடு இருக்கு சார். அது இல்லேன்னா ரத்த அணுக்களே சர்க்கரையைத் தின்னுடும், போகப்போக ரீடிங் குறைஞ்சிடும்" என்றார். குழாயைக் குலுக்காமல் மெதுவாகத் தலைகீழாய்த் திருப்பித் திருப்பி வைத்தார். சிவப்பணு உடைந்தால் அதிலிருந்து வரும் நொதி இன்சுலினைச் சிதைத்து, அளவைக் குறைத்துக் காட்டிவிடும். ரிப்போர்ட்டில் அச்சாகும் எண்ணுக்குப் பின்னால் இந்தக் கைப்பக்குவமும் இருக்கிறது.

முடிவுகள் வந்தன. சர்க்கரை 94, இன்சுலின் 19. இரண்டையும் பெருக்கி 405-ஆல் வகுத்தால் ஹோமா-ஐஆர், அதாவது இன்சுலின் எதிர்ப்பின் தோராய அளவு. எனக்கு 4.4. ஆக்ஸ்ஃபோர்டில் 1985-இல் வந்த கணக்கு இது, கைபேசி கால்குலேட்டரே போதும். எத்தனைக்கு மேல் ஆபத்து என்பதற்கு உலகம் முழுக்க ஒரே கோடு கிடையாது, இன்சுலின் அளவும் லேபுக்கு லேப் மாறும். ஆனாலும் 4.4 என்பது யார் கோட்டை வைத்துப் பார்த்தாலும் அதிகம். அடுத்த முறையும் இதே லேபில்தான் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் ரிப்போர்ட்டின் மேலேயே எழுதினார்.

எச்பிஏ1சி 5.6. சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை 5.7-இல் தொடங்குகிறது, வாசலில் நிற்கிறேன் என்று அர்த்தம். சிவப்பணுவின் ஆயுள் 120 நாள் போல இருப்பதால் இது இரண்டு மூன்று மாதச் சராசரியைச் சொல்லும். இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் தப்பாகக் கூடிக் காட்டும் என்பதால் ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்த்தார். அது சரியாகவே இருந்தது.

உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் சி.ஆர்.பி. மட்டும் என்னைத் தூக்கிவாரிப்போட்டது, 11. மூன்றுக்கு மேல் போனாலே இதய ஆபத்து என்று எங்கோ படித்திருந்தேன். டாக்டர் அலட்டிக்கொள்ளவில்லை. "மூக்கு ஒழுகிக்கிட்டு வந்தீங்களே, பத்துக்கு மேல போனா தொற்றுதான் முதல் சந்தேகம். சளி நல்லா விடட்டும், திரும்பப் பார்ப்போம்." திரும்பப் பார்த்தபோது 4.2. அதுவும் அதிகம்தான். வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்பு விடாமல் மூட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய அழற்சி அது.

கல்லீரல் பக்கம், நொதிகளான எஸ்.ஜி.பி.டி. 58, எஸ்.ஜி.ஓ.டி. 36. ஸ்கேனில் கொழுப்புப் படிவு தெரிந்தது. கல்லீரலில் தழும்பு விழுந்திருக்குமோ என்ற பயத்துக்கு ஃபிப்-4 என்ற கணக்கு போட்டார்: வயதை எஸ்.ஜி.ஓ.டி.-யால் பெருக்கி, அதைத் தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கையையும் (ஆயிரத்தில்) எஸ்.ஜி.பி.டி.-யின் வர்க்கமூலத்தையும் பெருக்கி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். எனக்கு 41 வயது, தட்டணு 240. விடை 0.81. 1.3-க்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்புக்கு வாய்ப்பு குறைவு. எல்லா எண்களிலும் மனதுக்கு நிம்மதி தந்தது இதுதான்.

இதற்கிடையில் நானும் படித்துவிட்டு ஒரு பட்டியலோடு போனேன். கொழுப்புத் திசு சுரக்கும் ஹார்மோன்களான, 1994-இல் கண்டுபிடித்த லெப்டின், எடை கூடக் கூடக் குறையும் அடிபொனெக்டின், அப்புறம் புரதத்தின் கூறுகளான கிளைச்சங்கிலி அமினோ அமிலங்கள். கடைசியாகச் சொன்னது அமெரிக்காவின் ஃப்ரேமிங்காம் இதய ஆய்வில் வந்தது. ரத்தத்தில் இந்த அமிலங்கள் கூடுதலாக இருந்தவர்களுக்கு, 12 வருடம் வரை முன்கூட்டியே சர்க்கரை நோய் ஆபத்தைச் சொல்ல முடிந்தது என்று 2011-இல் வெளியிட்டார்கள். எடுத்துப் பார்க்கலாமா என்றேன். "எண் வரும். அது கூடினா ஒண்ணு, குறைஞ்சா ஒண்ணுன்னு உங்களுக்கு வேற வைத்தியம் என்கிட்ட இல்லையே" என்றார். சொன்னது நியாயமாகப் பட்டது. நூறு டெஸ்ட் பேக்கேஜ்களைப் பார்த்தால் எனக்கு இப்போது எரிச்சல்தான் வருகிறது.

2002-இல் வந்த அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வைத்தான் அவர் மருந்துச்சீட்டாக நீட்டினார். எடையில் 7 சதவீதம் குறைப்பு, வாரம் 150 நிமிட உடலுழைப்பு என்ற இலக்கோடு போனவர்களுக்குச் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை எடுத்தவர்களுக்கு 31 சதவீதம். அந்த ஆய்வில் சேர்ந்தவர்கள் என்னைவிட ஒரு படி தள்ளிப்போய், சர்க்கரை ஏறத் தொடங்கியவர்கள். நான் செய்ததைப் பற்றி விரிவாகச் சொல்ல ஒன்றுமில்லை. நடை, கொஞ்சம் பளு, இரவில் சீக்கிரம் தட்டை ஒதுக்கிவைப்பது.

எடை ஆறு சதவீதம் போல இறங்கியதும் அதே லேபில் மறுபடி கொடுத்தேன். இன்சுலின் 11, சர்க்கரை 91, ஹோமா 2.5. ட்ரைகிளிசரைடு 141. சி.ஆர்.பி. 2.6, எஸ்.ஜி.பி.டி. 39. எச்.டி.எல். மட்டும் 37-இலிருந்து 39-க்கு நகர்ந்து நின்றுகொண்டது. அது அப்படித்தான், மெதுவாகத்தான் வரும் என்றார்கள். கண்ணாடியில் பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை, பழைய பேன்ட்டே இன்னும் ஓடுகிறது.

அடுத்த முறைக்கான சீட்டில் டாக்டர் இன்சுலினை அடித்துவிட்டார். போக்கு தெரிந்துவிட்டது, ட்ரைகிளிசரைடும் இடுப்பு அளவுமே அதைச் சொல்லிவிடும் என்றார். அந்த இடத்தில் அபோ-பி என்று எழுதியிருக்கிறார். ட்ரைகிளிசரைடு ஏறிக்கிடந்தவர்களுக்கு கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். எண்ணைப் பார்த்தால் மட்டும் போதாது, ரத்தக்குழாயை அடைக்கும் துகள்கள் எத்தனை ஓடுகின்றன என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டுமாம். அதற்குப் பட்டினி கிடக்க வேண்டியதில்லை என்பது எனக்குக் கிடைத்த போனஸ்.