என் செல்லும் சைவமா?

தங்கைக்கு 26 வயதில் இடது கால் செருப்பு அடிக்கடி கழன்று விழ ஆரம்பித்தது. அளவு பெரிதாக வாங்கிவிட்டாள் என்று நினைத்துப் பட்டை வைத்த செருப்பு வாங்கிக் கொடுத்தோம். பாதத்தைத் தூக்கி வைக்கவே அவளால் முடியவில்லை என்பது புரிய ஒரு வருஷம் ஆனது. இடுப்பு டிஸ்க், நரம்புத் தளர்ச்சி எல்லாம் சுற்றிவிட்டு, கடைசியில் மரபணுப் பரிசோதனையில் பெயர் தெரிந்தது: ஜிஎன்இ மயோபதி, தசைகள் மெல்ல மெல்ல வலுவிழக்கும் ஓர் அபூர்வ நோய். சியாலிக் அமிலம் என்ற ஒரு வகைச் சர்க்கரையை உடம்பில் தயாரிக்க வேண்டிய என்சைமின் மரபணுவில் கோளாறு. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் கோளாறான பிரதி வந்தால்தான் நோய் வரும்.

அம்மா அப்பாவுக்கு அத்தை மகள். சொந்தத்தில் கட்டாத வீடுகளிலும் இது வருகிறது என்று மரபணு ஆலோசகர் இரண்டு முறை சொன்னார். அப்பா தலையாட்டினார், நம்பினாரா தெரியாது. ஒரு வாரம் கழித்து, கிராஜுவிட்டிப் பணத்தில் ஒரு பகுதியை எடுத்து ஆராய்ச்சிக்கென்று அறக்கட்டளை தொடங்கலாம் என்றார்.

அப்போது எந்த நாட்டிலும் இதற்கு அங்கீகரிக்கப்பட்ட மருந்து இல்லை. சியாலிக் அமிலத்தையே மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்த பெரிய பரிசோதனை 2017-இல் தோற்றிருந்தது. டெல்லியில் சுதா பட்டாச்சார்யா, அலோக் பட்டாச்சார்யா என்ற பேராசிரியர் தம்பதி, தங்கள் மகனுக்கு இந்த நோய் வந்த பிறகு ‘வேர்ல்ட் விதவுட் ஜிஎன்இ மயோபதி’ என்ற அமைப்பைத் தொடங்கி நடத்துகிறார்கள். “அவங்களுக்கே கொடுத்துடலாமேம்மா, எதுக்குத் தனியா?” என்று ஆடிட்டர் கேட்டார். நியாயமான கேள்வி. இன்று யாராவது என்னிடம் யோசனை கேட்டால் நானும் முதலில் இதைத்தான் கேட்பேன். ஆனால் அப்பாவுக்குத் தன் கையால் ஏதாவது செய்தாக வேண்டியிருந்தது.

2022-இல் பத்திரம் பதிந்தோம். பத்திர எழுத்தர் கைவசம் வைத்திருந்த மாதிரியில் எங்கள் பெயர்களைப் போட்டுத் தந்தார். ஏழைகளுக்கு அன்னதானம், மாணவர்களுக்கு நோட்டுப் புத்தகம், மருத்துவ உதவி. சார்பதிவாளர் முன்னால் ரேகை வைத்து, போட்டோ எடுத்து, சாட்சிகளுக்குக் காபி வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தோம். நோக்கங்கள் பக்கத்தை நான் ஒழுங்காகப் படிக்கவில்லை.

அப்புறம் பான் கார்டு, வங்கிக் கணக்கு. வருமான வரித் தளத்தில் படிவம் 10ஏ போட்டதும் அறக்கட்டளைக்கு வரிவிலக்கு தரும் 12ஏ, நன்கொடை கொடுப்பவர்களுக்கு வரிவிலக்கு தரும் 80ஜி இரண்டும் மூன்று வருஷத்துக்குத் தற்காலிகமாகக் கிடைத்தன. இது பயந்த அளவுக்குக் கஷ்டமாக இல்லை. பணம் வாங்குவதுதான் கஷ்டம். சிங்கப்பூர் குடியுரிமை வாங்கிவிட்ட சித்தப்பா பெரிய தொகை அனுப்புகிறேன் என்றார். வெளிநாட்டுக் குடிமக்களிடம் நன்கொடையை எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) அனுமதி இல்லாமல் வாங்கக் கூடாது; அதற்கு மனுப் போடவே பொதுவாக அறக்கட்டளைக்கு மூன்று வயது ஆகியிருக்க வேண்டும். வேண்டாம் என்று சொன்னதற்கு இரண்டு மாதம் பேசாமல் இருந்தார். உள்ளூரில் கல்யாண வீட்டு மொய் மாதிரி ரொக்கமாக நீட்டுவார்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் 80ஜி விலக்கு இல்லை என்று ஒவ்வொருவருக்கும் விளக்க வேண்டியிருந்தது.

பெங்களூரில் ஓர் ஆய்வகம் சம்மதித்தது. நாங்கள் கேட்டது பெரிதாக ஒன்றும் இல்லை, ஓர் ஆராய்ச்சி மாணவரின் உதவித்தொகை. ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். வீட்டு வாடகைப்படி, ரசாயனங்கள், நிறுவனத்தின் மேல்செலவுப் பங்கு எல்லாம் சேர்ந்தால் அப்பாவின் பணம் சுமார் இரண்டு வருஷம் தாங்கும். ஒப்பந்தம் தயாரான நேரத்தில் அவர்களுடைய நிதிப் பிரிவிலிருந்து ஒரு வரியில் மெயில்: உங்கள் பத்திரத்தில் ஆராய்ச்சி என்ற சொல் எங்கே?

எங்கேயும் இல்லை.

நல்லவேளை, திருத்தலாம் என்ற ஷரத்தாவது மாதிரியில் இருந்தது. திருத்தப் பத்திரம் பதிந்தோம். நோக்கத்தை மாற்றினால் 30 நாளுக்குள் வரித்துறையிடம் மறுபடி மனுப் போட வேண்டும். இந்த முறை படிவம் 10ஏபி, அதோடு கேள்விகள், ரசீதுகள், நேரில் விளக்கம். எட்டு மாதம் போனது. அந்த எட்டு மாதத்தில் தங்கை மாடிப்படி ஏறுவதை நிறுத்திவிட்டாள். பத்திரம் எழுதப் போகிறவர்கள் ‘மருத்துவ ஆராய்ச்சி, அதற்கு நிதியுதவி’ என்று முதல் வரியிலேயே போட்டுவிடுங்கள்.

பிறகு நெறிமுறைக் குழு அனுமதி. ஆய்வகத்தில் செல்களை வளர்ப்பதற்காகத் தங்கையின் கையிலிருந்து மூன்று மில்லிமீட்டர் தோல் எடுத்தார்கள். ஒரு தையல், ஒரு பிளாஸ்திரி. சில வாரம் கழித்து ஆய்வகத்துக்குப் போனோம். அந்த மாணவர் 37 டிகிரி இன்குபேட்டரிலிருந்து தட்டையான ஒரு குடுவையை எடுத்து வந்தார். அடியில் வெளிர் சிவப்புத் திரவம். நுண்ணோக்கியில் பார்த்தால் நீள நீளமாக, கோரைப்புல் படுத்த மாதிரி, அவளுடைய செல்கள். சக்கர நாற்காலியிலிருந்து எட்டிக் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

“இதுக்கு என்ன சாப்பாடு போடுறீங்க?”

“கன்னுக்குட்டி ரத்தத்துலேர்ந்து எடுத்த சீரம், அக்கா.”

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். எங்கள் வீட்டில் முட்டைகூடக் கிடையாது.

“அம்மாகிட்ட சொல்லிடாதே.”