பந்தி விசாரிக்க வந்த மிக்கி

அட்லாண்டாவில் எங்கள் சமையலறை மேசையில் மூன்று இரவுகள் இதே பேச்சுத்தான். ஆர்லாண்டோ பயணம் முடிவாகிவிட்டது. டிஸ்னி வேர்ல்டுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று, தங்க இடமும் பிடித்தாயிற்று. தீராமல் நின்றது ஒரே ஒரு இரவுச் சாப்பாடு. மிக்கி மவுஸும் அவன் கூட்டாளிகளும் மேசை மேசையாக வந்து குழந்தைகளோடு படம் எடுத்துக்கொள்ளும் பஃபே விருந்து. போவதா, வேண்டாமா?

கும்பகோணத்திலிருந்து வந்து எங்களோடு இருந்த அம்மா ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"ஏன்டி, ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு முப்பதாயிரம் ரூபாய்க்கு மேலா? அந்தப் பணத்தில் ஊரில் ஒரு சீமந்தமே நடத்திவிடலாம்."

கணக்கு அப்படித்தான் வந்தது. அங்கே 3 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு விலை கிடையாது. 3 முதல் 9 வயது வரை குழந்தை விலை. 10 வயது நிறைந்துவிட்டால் பெரியவர் விலை. என் மகனுக்கு ஏப்ரலில்தான் பத்து முடிந்திருந்தது. இரண்டு கரண்டி மக்கரோனியோடு எழுந்துவிடும் பிள்ளைக்கும் பெரியவர் கணக்கு. இரவு விருந்துக்குப் பெரியவர் ஒருவருக்கு 60 டாலருக்கு மேல், ஐந்து வயது மகளுக்கு 40 டாலருக்கு மேல். அதன் மேல் 6.5 சதவீத விற்பனை வரி. பரிமாறுகிறவருக்கு 18 சதவீதமாவது டிப்ஸ். ஐந்து பேருக்கும் கூட்டிப் பார்த்தால் 400 டாலரை ஒட்டி வந்து நின்றது.

என் கணவர் மறுத்ததற்குக் காரணம் வேறு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வேறொரு மாநிலத்தில் வேறொரு பூங்காவுக்குப் போயிருந்தோம். அங்கேயும் இப்படி ஒரு காலை விருந்து. நான் தட்டோடு வரிசையில் நின்ற நேரத்தில் ஒரு வேடக்காரர் எங்கள் மேசையைத் தாண்டிப் போய்விட்டார். இன்னொருவர் நாங்கள் பணம் கட்டி எழுந்த பிறகுதான் எங்கள் பக்கமே திரும்பினார். மகன் காரில் ஒன்றும் பேசவில்லை. வீடு வரும் வரை சன்னலையே பார்த்துக்கொண்டு வந்த அந்த முகத்தை அவரும் மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை.

ஆனாலும் 60 நாட்களுக்கு முன்பே முன்பதிவு திறந்துவிடுகிறது, திறந்த வேகத்தில் மாலை நேரங்கள் தீர்ந்தும்விடுகின்றன. அதனால் விடியற்காலையில் எழுந்து ஐந்து பேருக்கு இடம் பிடித்து வைத்தேன். முந்தின நாள் ரத்து செய்தால்கூடப் பணம் போகாது. சொல்லாமல் வராமல் இருந்தால்தான் தலைக்கு இவ்வளவு என்று கடன் அட்டையில் பிடிப்பார்கள். முதலில் இடத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு பிறகு யோசிப்பதுதான் இதில் சரியான வழி.

எந்த உணவகம் என்பதிலும் நிறைய யோசித்தேன். டிஸ்னி வேர்ல்டின் பூங்காக்களில் ஒன்றான மேஜிக் கிங்டத்துக்குள் இருக்கும் கிரிஸ்டல் பேலஸில் வின்னி த பூ என்ற கரடியும் அவன் நண்பர்களும் வருகிறார்கள். அனிமல் கிங்டம் என்ற இன்னொரு பூங்காவில் டஸ்கர் ஹவுஸ். அங்கே டொனால்டு சஃபாரி உடையில் வருவான், சமையலிலும் ஆப்பிரிக்க மசாலா வாசனை இருக்கும். இரண்டும் பூங்காவுக்கு உள்ளே இருப்பதால் அந்தந்தப் பூங்காவின் டிக்கெட்டும் வேண்டும். டிஸ்னி படங்களின் இளவரசிகள் வரும் விருந்துகள் தனி. கேப் மே கஃபே என்ற ஓட்டலில் காலையில்தான் மின்னி வருவாள். இரவில் அங்கே கடல் உணவு விருந்துதான், வேடக்காரர்கள் யாரும் வருவதில்லை. பெயரைப் பார்த்து இரவுக்குப் பதிவு செய்துவிட்டுக் குழந்தைகளிடம் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

நான் தேர்ந்தெடுத்தது கண்டெம்பரரி விடுதியில் இருக்கும் ஷெஃப் மிக்கீஸ். விடுதிக்குள் இருப்பதால் பூங்கா டிக்கெட் தேவையில்லை. மிக்கி, மின்னி, டொனால்டு, கூஃபி, புளூட்டோ என்று ஐந்து பேரும் ஒரே இடத்தில் வருகிறார்கள். மேஜிக் கிங்டத்திலிருந்து மோனோரயில் என்ற ஒற்றைத் தண்டவாள ரயிலில் ஒரே ஒரு நிறுத்தம். அம்மாவின் முழங்காலுக்கு அது பெரிய விஷயம்.

மகனுக்கு மட்டும் வேறு ஆசை. அனிமல் கிங்டம் லாட்ஜ் என்ற டிஸ்னி விடுதியில் சனா என்று ஓர் உணவகம் இருக்கிறது. சன்னலுக்கு வெளியே புல்வெளியில் ஒட்டகச்சிவிங்கியும் வரிக்குதிரையும் மேயும். சமையல் ஆப்பிரிக்காவும் இந்தியாவும் கலந்தது. "அங்கேயே போகலாம், பாட்டிக்கும் சாப்பிட ஏதாவது இருக்கும்" என்றான். அவன் சொன்னது நியாயம்தான்.

ஜூன் மாதம் கிளம்பினோம். காரில் ஏழு மணி நேரம். அம்மா புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டார். வெளியிலிருந்து சாப்பாடு கொண்டுபோக டிஸ்னி பூங்காக்களில் தடை இல்லை என்பது பலருக்குத் தெரிவதில்லை. பகல் சாப்பாட்டுச் செலவு அதிலேயே மிச்சமாயிற்று.

விருந்து இரண்டாம் நாள் மாலை. முதல் நாள்வரை ரத்து செய்துவிடலாம் என்ற எண்ணம்தான் எனக்கும் ஓங்கியிருந்தது. அந்த எண்ணத்தை மாற்றியது மேஜிக் கிங்டத்தின் வாசலருகே டவுன் ஸ்கொயர் அரங்கில் நாங்கள் நின்ற வரிசை. மிக்கியைப் பார்ப்பதற்காகவே ஏற்படுத்திய வரிசை அது. கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் நின்றோம். அம்மா ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றார்; வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்றார். மகள் கையெழுத்துப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். கதவு திறந்தது. இரண்டடி தூரத்தில் தன் தலையைப் போல மூன்று மடங்கு பெரிய தலையோடு மிக்கி. மகள் என் புடவைத் தலைப்புக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். நமக்குப் பின்னால் நிற்பவர்களும் குழந்தைகள்தானே. எவ்வளவு நேரம் காக்க வைக்க முடியும்? வெளியே வந்துவிட்டோம். புத்தகத்தின் முதல் பக்கம் வெறுமையாகவே இருந்தது.

அன்று இரவு விடுதி அறையில் மகள் தூங்கிய பிறகு அம்மாதான் பேச்சை எடுத்தார். "நாளைக்கு அந்தச் சாப்பாட்டுக்கே போவோம். குழந்தை கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கட்டும். பார்த்தால் பயம் தெளிந்துவிடும்."

மறுநாள் பிற்பகல் ஃபுளோரிடாவின் வழக்கமான இடிமழை. மழை விட்டதும் மோனோரயில் ஏறினோம். கண்டெம்பரரி விடுதி 1971 அக்டோபர் 1 அன்று, மேஜிக் கிங்டம் திறந்த அதே நாளில் திறக்கப்பட்டது. அதன் வயிற்றுக்குள் புகுந்து மறுபக்கம் வெளியேறுகிறது ரயில். உள்கூடத்தின் நடுவே டிஸ்னி ஓவியர் மேரி பிளேர் வடிவமைத்த 90 அடி உயரச் சுவரோவியம். அதில் ஓர் ஆட்டுக்கு ஐந்து கால்கள் உண்டு. எங்கள் பெயரைக் கூப்பிடும் வரை பிள்ளைகள் இருவரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு அந்த ஆட்டைத்தான் தேடினார்கள். தலைக்கு மேலே ரயில் போகும்போதெல்லாம் மகள் கையசைத்தாள்.

உட்கார்ந்ததும் நான் செய்த முதல் வேலை, பரிமாறும் பெண்மணியிடம் பழைய கதையைச் சொன்னது. "யார் எந்தப் பக்கமிருந்து வருகிறார்கள் என்று சொல்லுங்கள், அதற்கேற்ப எழுந்து போகிறோம்" என்றேன். அவர் சிரித்துவிட்டு, கூஃபி இப்போது எந்த மேசையில் இருக்கிறான் என்று காட்டினார். நாங்கள் ஒரே நேரத்தில் எழவே இல்லை. இருவர் தட்டு எடுக்கப் போனால் மூவர் மேசையில். இப்படிப்பட்ட விருந்துக்குப் போகிறவர்கள் இந்த ஒன்றை மட்டுமாவது செய்யுங்கள்.

அம்மா சுத்த சைவம் என்று பதிவின்போதே எழுதியிருந்தேன். சமையல்காரர் மேசைக்கே வந்து எதில் இறைச்சிச் சாறு இருக்கிறது, எதில் இல்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். விலங்குப் பொருள் எதுவும் சேராத உணவுக்குப் பச்சை இலைக் குறி போட்டிருக்கிறார்கள். அம்மா உருளைக்கிழங்கு மசியலில் மிளகுத்தூளைத் தாராளமாகத் தூவி இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார், பிறகு பழங்கள். இறைச்சி சாப்பிடுகிறவர்களுக்குச் சமைத்த இறைச்சியை அங்கேயே துண்டு போட்டுத் தருகிறார்கள். ஆனால் நாக்குக்காக இந்தப் பணத்தைக் கொடுக்கத் தேவையில்லை என்பதை நான் ஒளிக்கவில்லை. கொடுத்த பணம் வேறொன்றுக்கு.

முதலில் வந்தது கூஃபி. நல்ல உயரம். மகள் சட்டென்று மேசைக்கு அடியில் போய்விட்டாள். கூஃபி பக்கத்தில் வரவில்லை. இரண்டடி பின்னால் போய் முட்டி போட்டு, தன் இரண்டு கைகளாலும் தன் கண்களையே பொத்திக்கொண்டான். பிறகு ஒரு விரலை மட்டும் நீக்கிப் பார்த்தான். மேசைத் துணிக்குக் கீழே ஒரு கண் தெரிந்தது. அவ்வளவுதான், எழுந்து கையசைத்துவிட்டுப் போய்விட்டான். டொனால்டு வந்தபோது அவள் நாற்காலியில் இருந்தாள், என் கையைப் பிடித்துக்கொண்டு. புளூட்டோ என் கணவரின் தட்டை மோந்து பார்த்தபோது வாய்விட்டுச் சிரித்தாள். மின்னி அவள் தலையில் இருந்த ரிப்பனைக் காட்டி, பிறகு தன் தலையில் இருந்ததைக் காட்டினாள். மகள் கையை விட்டாள்.

வரிசையில் கிடைக்காதது இதுதான். அரை மணி நேரம் பக்கத்து மேசைகளில் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள். எந்தக் குழந்தையையும் அவர்கள் கடித்துவிடவில்லை, தூக்கிக்கொண்டு போய்விடவில்லை. கடைசியாக மிக்கி எங்கள் மேசைக்கு வந்தபோது, யாரும் சொல்லாமலே இறங்கிப் போய்ப் புத்தகத்தை நீட்டினாள். தடித்த பேனாவால் மிக்கி முதல் பக்கத்தில் கையெழுத்துப் போட்டான்.

அம்மா என் காதருகே குனிந்து, "நம் ஊர்க் கல்யாணத்தில் பந்தி விசாரிக்க வருவார்களே, அப்படியே இருக்கிறதடி" என்றார்.

அதற்குள் மிக்கி அம்மா பக்கம் திரும்பிவிட்டான். அம்மாவுக்கு அனிச்சையாகக் கை குவிந்தது. மிக்கி ஒரு கணம் நின்றான். புத்தகத்தை மகளிடம் கொடுத்துவிட்டு, நாலே விரல்கள் கொண்ட அந்த வெள்ளை உறைக் கைகளை மெதுவாக ஒன்றுசேர்த்து, பெரிய தலையைத் தாழ்த்தி வணங்கினான்.

"சாப்பிட்டாயாப்பா?" என்றார் அம்மா, தமிழில்.

மிக்கி வயிற்றைத் தடவிக் காட்டித் தலையை ஆட்டினான். அம்மா மகளைக் காட்டி, "இவள் நேற்று உன்னைப் பார்த்து அழுதாள், தெரியுமா?" என்றார். அவன் என்ன புரிந்துகொண்டானோ, தன் கன்னத்தில் கண்ணீர் வழிவதுபோல விரலால் கோடு இழுத்து, பிறகு மகளைக் காட்டி, இரண்டு கைகளையும் நெஞ்சில் வைத்துக்கொண்டான். அம்மா அவன் முன்கையைத் தட்டிக்கொடுத்தார்.

வேடமிட்ட இந்த மிக்கி விருந்தில் பேசுவதில்லை. சைகை மட்டும்தான். இளவரசிகள் அப்படியில்லை, அவர்கள் ஆங்கிலத்தில் பேசுவார்கள். அந்த விருந்துக்குப் போயிருந்தால் இடையில் நான் நின்றிருப்பேன். கடையிலும் மருத்துவரிடமும் பக்கத்து வீட்டாரிடமும் இரண்டு மாதமாக அப்படித்தான். யாராவது அம்மாவிடம் ஒன்று கேட்டால் அவர் என் முகத்தைப் பார்ப்பார்; நான் பதில் சொல்வேன். ஊரில் தெரு முழுவதையும் பேச்சில் கட்டிப்போடுகிறவர், இங்கே என் வாய் வழியாகத்தான் வாழ்ந்துகொண்டிருந்தார். நான் மொழிபெயர்க்காமல் இந்த நாட்டில் அவர் ஒருவரோடு பேசியது அன்றுதான் முதல் முறை. முழுதாக இரண்டு நிமிடம் இருக்கும். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. படம் எடுக்கவும் மறந்துவிட்டேன், கணவர் எடுத்திருந்தார்.

மிக்கி அடுத்த மேசைக்குப் போன பிறகு, மகளுக்குக் கேட்காத குரலில் அம்மா கேட்டார்: "உள்ளே இருக்கிற பிள்ளைக்கு வியர்க்காதா? தண்ணீராவது கொடுப்பார்களா?"

போகலாமா என்று கேட்கும் நண்பர்களிடம் நான் முதலில் உங்களோடு யார் வருகிறார்கள் என்றுதான் கேட்கிறேன். பயந்த சுபாவமுள்ள சிறு குழந்தையோ, நிற்க முடியாத பெரியவரோ உடன் இருந்தால் அந்தப் பணத்தைத் தயங்காமல் கொடுங்கள், வேறு ஏதாவது செலவைக் குறைத்துக்கொள்ளலாம். பிள்ளைகள் எல்லாம் பத்து வயதைத் தாண்டியிருந்து, வரிசையில் நிற்கக் காலில் தெம்பும் இருந்தால் வேண்டாம். 3 வயது நிறையாத குழந்தைக்கு விலையே இல்லை என்பதால் அந்த வயதில் போவது நல்லதுதான், ஆனால் ஐந்து வயதில்தான் அது மனதில் நிற்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

மறுநாள் மதியம் மகனுக்குக் கொடுத்த வாக்குப்படி சனாவுக்குப் போனோம். நான் ரொட்டி, பனீர் பராத்தா, வெங்காயக் குல்ச்சா; தொட்டுக்கொள்ள வெள்ளரித் தயிர்ப் பச்சடி, புளிச் சட்னி, பூண்டு ஊறுகாய் என்று ஒன்பது சிறு கிண்ணங்கள். அம்மா ஊறுகாய்க் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். முந்தின இரவுச் செலவில் பாதிகூட ஆகவில்லை. சன்னலுக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கி ஒன்று கழுத்தை நீட்டி நின்றது.

"சொன்னேனா இல்லையா?" என்றான் மகன். இன்றுவரை அவன் அந்தக் கட்சிதான்.