அப்பாவின் கண்ணும் வடிவாய்க்காலும்

குறுவை நடவு நேரம். "இடது கண்ணு விண்ணு விண்ணுன்னு தெறிக்குதுடா" என்றார் அப்பா. ஒற்றைத் தலைவலி என்று நினைத்துத் தைலம் தடவிவிட்டேன், மடையன். மறுநாள் தஞ்சாவூரில் பார்த்தால் கண் அழுத்தம் 46. 10 முதல் 21க்குள் இருக்க வேண்டியது.

20 வருஷச் சர்க்கரையால் விழித்திரை கெட்டு, கண்பாவையைச் சுற்றிப் புது ரத்தக் குழாய்கள் முளைத்து, கண்ணுக்குள் ஊறும் நீர் வெளியேறும் வழியை அடைத்துவிட்டன. வடிவாய்க்கால் தூர்ந்த வயல் மாதிரி என்றதும் அப்பாவுக்குச் சட்டென்று புரிந்தது.

முதலில் கண்ணுக்குள் ஊசி, அப்புறம் விழித்திரையில் லேசர். புதுக் குழாய்களைச் சுருக்கத்தான் அது. போன பார்வையைத் திருப்பித் தராது. அழுத்தம் அப்படியும் இறங்காததால் அந்த நீர் வடியச் சின்னக் குழாய் வைத்து அறுவை சிகிச்சை.

இப்போது 16. சர்க்கரை போடாத காபியைக் கொடுத்தால்தான் அந்தக் கண்ணாலும் முறைக்கிறார்.